தோலை மறைக்கலாம், நோயை மறைக்கலாமா?



இந்த இதழுக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை எழுதித் தருமாறு தமிழ் ஆசிரியை கேட்டபோது, "தோல் நோய்கள்" என்று உடனே சொல்லிவிட்டேன். "ஏன் இந்தத் தலைப்பு?" என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்பதால் சிலவற்றைப் பாடமாக எழுதுகிறேன். பாடம் படிக்கும் முன்பே தவறு செய்து கற்றவள் என்பதால் சிலவற்றை அனுபவமாக எழுதுகிறேன்.

கழுத்தில் ஒரு வட்டம்

சென்ற வருடம் நோன்புக்குச் சற்று முன்னர் என் கழுத்தின் இடப்பக்கத்தில், காதுக்குக் கீழே, ஒரு சிவந்த வட்டம் தோன்றியது. ஐந்து ரூபாய்க் குற்றி அளவுதான் இருக்கும். ஓரம் சற்றுத் தடித்து, செதில் செதிலாக இருந்தது. நடுப்பகுதி வழமையான தோல் போலத் தெளிந்திருந்தது. வியர்த்தால் கடிக்கும். பர்தா போட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் நானும் யாருக்கும் சொல்லவில்லை.

பத்து நாட்களில் வட்டம் இரண்டானது. உம்மா கண்டுவிட்டார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "இத வேற யாரும் கண்டாங்களா?" என்பதுதான். உம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெண்பிள்ளையின் உடம்பில் ஒரு தழும்பு இருந்தாலும் ஊரில் அதற்குப் பத்துக் கதைகள் பிறக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

மாமியின் மகளுக்கு முன்பு கையில் கரப்பான் வந்து, வைத்தியர் ஒரு கிறீம் கொடுத்திருந்தார். அதில் பாதி மீதமிருந்தது. "ரெண்டு நாள் பூசிப்பாரு, இருந்த இடமே தெரியாமப் போயிரும்" என்று அந்த ராத்தா ரியூப்பைத் தந்தார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. இரண்டு நாட்களில் கடி நின்றது, நான்கு நாட்களில் சிவப்பு மறைந்தது. நான் பூசுவதை நிறுத்தினேன். ஒரு வாரத்தில் வட்டம் திரும்பி வந்தது, முன்னரை விடப் பெரிதாக. மீண்டும் பூசினேன், மறைந்தது. நிறுத்தினேன், வந்தது. ரியூப் முடிந்ததும் வெறும் ரியூப்பை ஒரு பாமசியில் காட்டினேன். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. புதிதாக இரண்டு கிடைத்தன. இப்படியே நான்கு மாதங்கள் சென்றன. கழுத்திலிருந்த வட்டம் தோளுக்கும் இடுப்புக்கும் பரவியது. ஓரங்கள் குழம்பி, அது வட்டம் என்று சொல்லவும் முடியாமல் போனது.

என் தங்கச்சி மூன்றாந்தரம் படிக்கிறாள். நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில் படுப்போம், ஒரே துவாயால் முகம் துடைப்போம். ஒருநாள் காலையில் அவளுடைய வலக் கன்னத்தில் அந்த வட்டத்தைக் கண்டேன். என்னுடையதைப் பர்தா மறைத்தது. அவளுடையதை மறைக்க எதுவும் இருக்கவில்லை. அந்த வாரமே வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை வேறு கதிரைக்கு மாறிவிட்டது. தங்கச்சி அழவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்றுகொண்டு, சவர்க்காரம் போட்டுப் போட்டு அந்தக் கன்னத்தைத் தேய்த்தாள். நான் போய்க் கையைப் பிடித்தபோது, "ராத்தா, இது ஊத்தையா?" என்று கேட்டாள்.

அன்றிரவு நான் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

நுணுக்குக்காட்டியில் கண்டது

மறுவாரம் வாப்பா லீவு போட்டு எங்கள் இருவரையும் அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். பெண் வைத்தியர்தான் இருந்தார். என் கழுத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு என்ன பூசினீங்க?" நான் பையிலிருந்த ரியூப்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் பெயரை வாசித்துவிட்டுத் தலையை மெதுவாக ஆட்டினார். பிறகு பூச்சின் ஓரத்திலிருந்து சிறிது செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளி விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நான் உயிரியல் படிக்கிறேன் என்று வாப்பா சொன்னதும் என்னையும் பார்க்கச் சொன்னார். கிளை விட்ட மெல்லிய இழைகள் தெரிந்தன. பாடப்புத்தகத்தில் படம் வரைந்து பெயர் குறித்த அதே பங்கசு இழைகள். இம்முறை அவை என் தோலில் இருந்தன.

அதன் பெயர் படர்தாமரை. நமது தோலின் மேற்படை, மயிர், நகம் ஆகியவற்றில் கெரற்றின் என்ற புரதம் உண்டு. படர்தாமரையை உண்டாக்கும் பங்கசுக்கள் அந்தக் கெரற்றினையே உணவாக்குபவை. ஓரிடத்தில் தொடங்கி, புதிய உணவைத் தேடி எல்லாப் பக்கமும் வெளிநோக்கிப் பரவுகின்றன. பின்னால் உடல் எதிர்த்துப் போராடுவதால் நடுப்பகுதி தெளிகிறது. அதனால்தான் வட்டம் உண்டாகிறது. துவாய், தலையணை உறை, சீப்பு, உடுப்பு, உடல் தொடுகை ஆகியவற்றால் இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றும். பூனைக்குட்டியிடமிருந்தும் தொற்றலாம். வெப்பமும் வியர்வையும் உள்ள நம் நாட்டுக் காலநிலை இதற்கு மிகவும் பிடித்தமானது.

அப்படியானால் ராத்தாவின் கிறீம் இரண்டு நாளில் குணமாக்கியது எப்படி? அது குணமாக்கவே இல்லை. அது ஒரு ஸ்டெரொயிட் கிறீம். சிவப்பும் கடியும் பங்கசினால் நேரடியாக வருவன அல்ல. பங்கசை எதிர்த்து நமது உடல் செய்யும் போராட்டத்தின் அடையாளங்கள் அவை. ஸ்டெரொயிட் அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. ஊர்க் காவலாளிக்குத் தூக்கமருந்து கொடுத்துவிட்டு, சத்தமில்லை, ஆகவே கள்ளன் போய்விட்டான் என்று மகிழ்வது போன்றது இது. கள்ளன் உள்ளேயே இருக்கிறான். முன்னரை விடச் சுதந்திரமாக வீடு வீடாகப் போகிறான். இவ்வாறு ஸ்டெரொயிட்டால் உருமாறி அடையாளம் தெரியாமல் போன படர்தாமரையை 1968ஆம் ஆண்டிலேயே வைத்தியர்கள் விவரித்து, "மாறுவேடமிட்ட" நோய் என்ற பொருளில் அதற்குத் தனிப் பெயரும் இட்டிருக்கிறார்கள்.

இரண்டு பெயர்கள்

என் ரியூப்பில் இருந்த பெயர் குளோபெட்டசோல். படர்தாமரையைக் கொல்லும் பொதுவான மருந்துகளில் ஒன்றின் பெயர் குளோட்ரிமசோல். இரண்டையும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். தொடக்கமும் முடிவும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலாவது, தோலில் பூசும் ஸ்டெரொயிட்டுகளில் மிக வலிமையான வகுப்பைச் சேர்ந்தது. பங்கசுக்கு அது இடங்கொடுக்கிறது. இரண்டாவது, பங்கசைக் கொல்கிறது. ரியூப்பின் நிறத்தையும் அளவையும் பார்த்து மருந்து வாங்கும் எவரும் இந்த இரண்டையும் மாற்றிவிடலாம். ஒரே ரியூப்பில் ஸ்டெரொயிட்டையும் பங்கசு மருந்தையும் பற்றீரியா மருந்தையும் கலந்த கிறீம்களும் உண்டு. அவையும் முதல் வாரத்தில் அற்புதம் போலத்தான் தோன்றும்.

ஸ்டெரொயிட் கெட்ட மருந்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதன் கண்டுபிடிப்புக்காக 1950ஆம் ஆண்டு மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1952இலிருந்து அது தோல் நோய்களுக்கும் பூசப்பட்டு வருகிறது. கரப்பான் உள்ளவருக்கு அது இரவுத் தூக்கத்தைத் திருப்பித் தரும் மருந்து. ராத்தாவுக்கு அதைக் கொடுத்த வைத்தியர் சரியாகத்தான் கொடுத்தார். பிழை, அது என்னிடம் வந்ததில்தான். வலிமையான ஸ்டெரொயிட்டை வைத்தியரின் கண்காணிப்பு இன்றி நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும், கோடு கோடாகத் தழும்பு விழும், சிறு இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் பரு பெருகும், நிறுத்தியதும் சிவந்து எரியும். என் இடுப்பில் விழுந்த கோடுகள் இன்னும் போகவில்லை.

எனக்குக் குளிசையும் பூச்சு மருந்தும், தங்கச்சிக்குப் பூச்சு மருந்து மட்டும் தரப்பட்டன. வைத்தியர் மூன்று விடயங்களைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார். மருந்தை வட்டத்தின் மேல் மட்டுமன்றி, ஓரத்துக்கு வெளியே 2 சென்ரிமீற்றர் வரையும் பூச வேண்டும். மறைந்த பின்னரும் இரண்டு வாரம் தொடர வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் அவருக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை செய்ய வேண்டும். முதல் வாரம் ஸ்டெரொயிட்டை நிறுத்தியதால் சிவப்புக் கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். கூடியது. பயந்து பழைய ரியூப்பைத் தேடாமல் இருப்பதற்கு அந்த எச்சரிக்கைதான் உதவியது.

ஒன்று போல் தெரிபவை ஒன்றல்ல

என் அனுபவத்தில் நான் கற்றது இதுதான்: தோல் நோய்க்கு முதலில் பெயர் தெரிய வேண்டும், பிறகுதான் மருந்து. நம் வீடுகளில் அடிக்கடி காணப்படும் சிலவற்றின் அடையாளங்களைக் கீழே தருகிறேன். நீங்களாக மருந்து வாங்குவதற்கு இவை போதாது. வைத்தியரிடம் போகும்போது எதைக் கவனித்துச் சொல்ல வேண்டும் என்பதை அறியவே இவை உதவும்.

தேமல்: முதுகு, நெஞ்சு, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் வெளிறிய அல்லது பழுப்பான திட்டுகளாக வரும். மெல்லச் சுரண்டினால் தூள் போன்ற செதில் உதிரும். எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் ஒருவகை மதுவம் வெப்பத்திலும் வியர்வையிலும் பெருகுவதால் இது உண்டாகிறது. ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது. மருந்தால் மதுவம் அழிந்த பின்னரும் நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும். அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

சொறி: கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதால் வருவது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் தோன்றும். இரவில் கடி கூடும். வீட்டில் பலருக்கு ஒரே காலத்தில் கடித்தால் முதலில் இதையே சந்தேகிக்க வேண்டும். முதன்முறை தொற்றினால் கடி தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். ஆகவே கடி இல்லாதவர் உட்பட வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். ஒருவர் தப்பினால் மீண்டும் முதலிலிருந்துதான்.

கரப்பான்: முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு போன்ற இடங்களில் வறண்டு, சிவந்து, கடிக்கும். ஆஸ்துமா, தும்மல் உள்ள குடும்பங்களில் அதிகம். இது தொற்று நோயன்று. குளித்த ஈரம் காயும் முன்னர் வாசனையற்ற களிம்பைப் பூசித் தோலை ஈரப்பதமாக வைத்திருப்பதே இதன் அடிப்படைச் சிகிச்சை.

முகப்பரு: நம் வயதில் ஓமோன் மாற்றத்தால் நெய்ச்சுரப்பிகள் அதிகம் சுரக்கின்றன. மயிர்த்துளைகள் அடைபடுகின்றன. அங்கே பற்றீரியா பெருகிப் பரு உண்டாகிறது. முகம் கழுவாததால் வரும் நோய் அன்று இது. நாளுக்கு இருமுறை மென்மையாகக் கழுவினால் போதும். கிள்ளினால் தழும்பு நிலைக்கும். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். உள்ளியை அரைத்துக் கட்டினாலும் கொப்புளிக்கும். வைத்தியர் தரும் மருந்தும் பலன் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் எடுக்கும்.

உணர்ச்சியற்ற திட்டு: வெளிறிய அல்லது சிவந்த ஒரு திட்டில் தொட்டால் தெரியாமலோ, சூடு தெரியாமலோ இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோயாளருக்கென்றே வைத்தியசாலை இருந்ததைப் பற்றி மூத்தம்மா சொல்வார். அந்தக் காலத்தில் அதன் பெயரைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்களாம். இன்றும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆனால் இது எளிதில் தொற்றும் நோயன்று. பெரும்பாலானோருக்கு இதற்கெதிரான இயற்கை நிர்ப்பீடனம் உண்டு. ஆறு அல்லது பன்னிரண்டு மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகும். மருந்து இலவசம். மறைத்து வைத்தால் இது கை விரல்களை மடக்கும் நோயாகலாம்.

வெண்மைக்குக் கொடுக்கும் விலை

கல்யாணப் பருவம் வந்தால் வெள்ளையாக்கும் கிறீம்களின் பருவமும் வந்துவிடுகிறது. கறுப்பானவருக்கும் வெள்ளையானவருக்கும் தோலில் நிறம் உண்டாக்கும் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. அந்த மெலனின் சூரிய ஒளியிலிருந்து நம்மைக் காக்கும் குடை. விரைவில் வெள்ளையாக்கும் என்று விற்கப்படும் சில கிறீம்களில் பாதரசம் இருக்கிறது, சிலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கிறது. பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகங்களைப் பாதிக்கும். பூசியவரின் கையாலும் தலையணையாலும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் சேரும். 2013இல் உலக நாடுகள் நிறைவேற்றிய மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனங்களிலுள்ள பாதரசத்தையும் கட்டுப்படுத்துகிறது. சேர்மானங்களின் பட்டியலும் தயாரித்தவரின் முகவரியும் இல்லாத கிறீமை முகத்தில் பூசாதீர்கள்.

வீட்டிலும் பாடசாலையிலும் செய்யக்கூடியவை

1. ஒருவருக்கு ஒரு துவாய். சீப்பும் அப்படியே. எங்கள் வீட்டில் இப்போது நான்கு நிறத்தில் நான்கு துவாய்கள் தொங்குகின்றன.

2. தொழுகை அறையில் பொதுவாகத் தொங்கும் தொழுகை உடுப்பை மாறி மாறி அணிவதைத் தவிர்த்து, இயன்றவர்கள் தமக்கென ஒன்றைக் கொண்டு வரலாம். பொதுவானவற்றை அடிக்கடி துவைத்து வெயிலில் காயப் போடலாம்.

3. வுழூச் செய்த பின் கால்விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்திவிட்டுக் காலுறை அணியுங்கள். ஈரமான இடுக்கில் பங்கசு எளிதில் வளரும்.

4. பர்தாவை ஈரத் தலைமயிரின் மேல் கட்டாதீர்கள். வியர்வையில் நனைந்ததை மறுநாளும் அணியாதீர்கள். பருத்தித் துணி நல்லது.

5. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை உடையது. சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அளவுக்கு மீறித் தேய்த்தால் அந்தப் பாதுகாப்பே அழியும்.

6. மற்றவருக்குக் கொடுத்த மருந்தை வாங்காதீர்கள், உங்களுடையதைக் கொடுக்காதீர்கள். ரியூப்பின் பெயரை முழுமையாக வாசியுங்கள். பாமசியில் "இதில் ஸ்டெரொயிட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

சீழ், காய்ச்சல், வேகமாகப் பரவும் வலியுள்ள சிவப்பு, கண்ணருகே வரும் கொப்புளம், உணர்ச்சியற்ற திட்டு, இரண்டு வாரத்தில் குறையாத எதுவும் இருந்தால் வைத்தியரைக் காணுங்கள். புதிதாக ஒரு மருந்து குடித்த பின் உடலெங்கும் கொப்புளமும் வாயில் புண்ணும் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் இச்சேவை இலவசம். பெண் வைத்தியர் வேண்டுமென்றால் கேட்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

நம்மை மூடிக்கொள்வது நமது ஒழுக்கம். அதில் எனக்கு மனநிறைவு உண்டு. ஆனால் நோயை மூடிவைப்பது வேறு. நான்கு மாதம் என் வட்டத்தை எனது பர்தா மறைக்கவில்லை, எனது பயம் மறைத்தது. பிள்ளையின் தோலில் ஏதேனும் கண்டால் "யார் கண்டது?" என்று கேட்கும் முன்னர் "எப்ப இருந்து? என்ன பூசினாய்?" என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளே வைத்தியரும் கேட்பவை. ஒரு பிள்ளைக்குப் படர்தாமரை என்றால் அதன் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். துவாயும் உடுப்பும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அது போதும்.

தங்கச்சியின் கன்னம் ஆறு வாரத்தில் தெளிந்தது. எனக்கு மூன்று மாதங்கள் ஆகின. அந்த ரியூப்களை உம்மாதான் குப்பையில் போட்டார். போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கையில் வட்டம் வந்தபோது, கிளினிக் நடக்கும் நாளைச் சொல்லிக் கூட்டிப்போனவரும் உம்மாதான்.

கிணற்றடியில் தங்கச்சி கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. கிளினிக்கிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அது ஊத்தை இல்ல. அதுக்கு ஒரு பேர் இருக்கு. பேர் இருந்தா மருந்தும் இருக்கு." அவள் அந்தப் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். "படர்தாமரை... நல்ல பேர் தானே ராத்தா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.